நடனப் பட்டறை முடிந்துவிட்டது, ஆசை முடியவில்லை: இனி எங்கே, எப்படித் தொடர்வது?

மருந்துக்கடை மல்லி (தண்டையார்பேட்டை):

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் படிப்பு, ரேஷன் கார்டு மாதிரி விஷயங்களுக்குத்தான் இந்தப் பக்கம் வந்துபோவேன். இன்று கேட்பது வேறு மாதிரி. சிரிக்காமல் படியுங்கள்.

எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டர் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடியில் வீடு. கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார், துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவில்தான் அவர் வாழ்க்கை. பையன் பதினொன்றாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார்.

கோடை விடுமுறையில் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடனப் பட்டறை நடந்தது. நாட்டுப்புற ஆட்டங்கள், வயது வரம்பு இல்லை என்று போட்ட நோட்டீஸை எங்கள் கடைக் கண்ணாடியில்தான் ஒட்டினார்கள். ஒட்ட வந்த பெண்ணுக்கு டேப் கொடுத்தது நான். "நீங்களும் வாங்கக்கா" என்றாள். பேச்சுக்குச் சொன்னதுதான். நான் நிஜமாகவே போய் நின்றுவிட்டேன்.

நம் வட சென்னைப் பக்கத்தில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. காது குத்து, மஞ்சள் நீர், கல்யாணம், சாவு, எதுவானாலும் தெருவில் மேளம் இறங்கிவிடும். ஆனால் ஆடுவது ஆம்பளைகள். சாவு ஊர்வலத்தில் பூவை வாரி இறைத்துக்கொண்டு அவர்கள் மேளத்துக்கு முன்னால் போவார்கள். நாங்கள் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு போய் அங்கேயே நின்றுவிடுவோம். கல்யாண ரிசப்ஷனில் வயசுப் பெண்கள் ஆடினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் வயதுக்காரி இரண்டு தட்டு சேர்த்துத் தட்டினால் போதும், "என்னா, இன்னிக்கு ஒரு மார்க்கமா இருக்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

பட்டறையில் எடுத்த எடுப்பில் ஆடவிடவில்லை. நடக்கச் சொன்னார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, எதிரே வருகிறவர் கண்ணைப் பார்த்தபடி. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், நடந்து பார்த்தால்தான் தெரியும். என்னால் தரையைப் பார்க்காமல் நாலு எட்டு வைக்க முடியவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் கல் தேடிக் கால் வைப்பது போலத்தான் என் நடை இருந்திருக்கிறது, காய்ந்த தரையிலும்.

அப்புறம் ஆசிரியர் என்னை நிறுத்தி, "நின்னுக்கிட்டே பாக்குற வேலையாம்மா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். உடம்பு எடை முழுவதும் வலது காலில் இருக்கிறதாம், இடது கால் சும்மா பேருக்கு நிற்கிறதாம். கடையில் மாத்திரை டிராயர்கள் எல்லாம் என் வலது கைப் பக்கம். வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்துவரச் சொல்லித் திருப்பிக் காட்டினார். இடது செருப்பில் அடியிலிருந்த கோடுகள் அப்படியே இருந்தன. வலதில் குதிகால் ஓரம் வழவழவென்று தேய்ந்து சரிந்திருந்தது. தினமும் மாட்டிக்கொண்டு நடக்கிற செருப்பு, ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

பிறகு ஒயிலாட்டம். ஆளுக்கொரு கைக்குட்டை, காலில் சலங்கை, வரிசையாக நிற்க வேண்டும். தெற்கே மதுரை, திருநெல்வேலிப் பக்கம் முன்பு ஆண்கள்தான் ஆடுவார்களாம், இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். ஆசிரியர் சொன்னது ஒன்றுதான்: காலைப் பார்க்காதே, பக்கத்தில் இருப்பவளின் சலங்கையைக் கேள். ஆளாளுக்குச் சலசலவென்று கிடந்த சத்தம் ஒரு மதியத்தில் திடீரென்று ஒரே சத்தமாக விழுந்தது. ஹாலில் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்தாமலே சிரித்துவிட்டோம்.

மறுநாள் கடையில் வேண்டுமென்றே இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்றேன். மத்தியானத்துக்குமேல் வலி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே ஏறுகிறது என்று இம்மி இம்மியாகத் தெரிந்தது. அதுவரை "வயசாகுது" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவேன். முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்டேன். "நின்னாத்தாம்மா கஸ்டமருக்கு மரியாதை" என்றார். அடுத்த வாரம் திரும்பக் கேட்டேன். நான் ஒரு விஷயத்தைத் திரும்பக் கேட்கிற ஆள் இல்லை, அதனால் அவருக்கே ஆச்சரியம். ஸ்டூல் மட்டும் வரவில்லை. அது கிடக்கட்டும்.

என் சிக்கல்கள் இவைதான். வீட்டுக்குள் கை நீட்டினால் பீரோவில் இடிக்கும். மொட்டை மாடியில் ஆடினால் மூன்றாம் மாடி அம்மா, "எங்க சீலிங்ல சுண்ணாம்பு கொட்டுது" என்று ஏறி வந்துவிடுகிறார். (அந்தக் கட்டடத்தில் தும்மினாலே கொட்டும், பழி என் தலையில்.) சிமென்ட் தரையில் குதித்தால் மறுநாள் முட்டி பிடித்துக்கொள்கிறது. கடைசி நாள் ஆட்டத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன், பையன் "டெலீட் பண்ணும்மா, ஃப்ரெண்ட்ஸ் பாக்குறாங்க" என்றான். எடுக்கவில்லை. அவனும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்து அதே குழு பறையாட்டம் சொல்லித்தரப் போகிறது. மாமியார், "சாவு மோளமெல்லாம் நம்ம வீட்டுக்கு வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்கே பயிற்சி செய்வது? முட்டிக்கு என்ன செய்வது? பறைக்குப் போகலாமா? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

---

பெரம்பூர் டீச்சர்:

மல்லி, நான் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் முட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சிமென்ட் தரையில் குதிக்கவே குதிக்காதீர்கள். அந்தத் தரை அதிர்ச்சியைக் கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாது, எல்லாம் உங்கள் முட்டிக்குத்தான் திரும்பி வரும். குதிக்கிற இடங்களில் கால் மாற்றி வைத்தால் போதும், தாளம் கெடாது. கோரைப்பாய் விரிக்காதீர்கள், வழுக்கும். முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடுகிற நிலை எதுவானாலும் முட்டி உங்கள் கால் விரல்கள் பார்க்கிற திசையிலேயே போக வேண்டும். பாதத்தை வலுக்கட்டாயமாக வெளியே திருப்பிவிட்டு முட்டியை முன்னால் விடுவதுதான் என்னிடம் வருகிற பெரியவர்கள் எல்லோரும் செய்வது. திருப்பம் தொடை சேருகிற மூட்டிலிருந்து வர வேண்டும். அங்கே எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு போதும். முதல் காலத்திலேயே, அதாவது மெதுவான வேகத்திலேயே, ஒரு மாதம் ஆடுங்கள். வீக்கம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். டிராயர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நீங்களே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் மாடி அம்மாவுக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது: அபிநயம், கையாலும் முகத்தாலும் பாட்டின் பொருளைக் காட்டுவது. ஒரு நாற்காலி போதும், சத்தமே வராது. நம் ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் இருந்தார், 1938இல் மறைந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பைக் கேட்க அந்த வீட்டில் பெரிய பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்திருப்பார்களாம். அவருடைய பேத்திதான் 1918இல் பிறந்த பரதக் கலைஞர் பாலசரஸ்வதி. பதம் என்கிற மெதுவான பாட்டுக்கு அபிநயம் பிடிக்கும்போது தானே பாடிக்கொண்டு ஆடுவார். உடம்பு பெருத்த பிறகும் அவர் கையும் கண்ணும் சபையைக் கட்டிப்போட்டிருக்கின்றன. நடனம் என்றால் மயிலாப்பூர், அடையாறு என்று பேசுகிறவர்களிடம் நான் இதை விடாமல் சொல்வேன், எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை.

தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வேண்டாம். ஒரே வரியைக் கோபமாக, கெஞ்சலாக, கிண்டலாக, அலுப்பாகச் சொல்லிப் பாருங்கள், கையும் கண்ணும் மட்டும் வைத்து. நாள் பூராவும் முகத்துக்கு முகம் பார்க்கிற வேலை உங்களுடையது. சீட்டைக் கொடுத்துவிட்டு விலையைக் கேட்பதற்கு முன் மனிதர்கள் முகம் எப்படிப் போகும் என்று என் மாணவிகளைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

---

வியாசை வேந்தன்:

அக்கா, பறைக்குப் போங்க.

என் தாத்தா புளியந்தோப்பில் சாவுக்கு அடித்தவர். அப்பா குச்சியையே தொடவில்லை, எங்களையும் தொடவிடவில்லை. நான் காலேஜ் முடித்தபிறகு ஒரு பட்டறையில் போய்க் கற்றுக்கொண்டேன். அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. அதனால் உங்கள் மாமியார் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் அடித்தவரை எட்ட நிறுத்திவைத்து, சாராயத்தையும் சில்லறையையும் கையில் திணித்து அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவர்களாக இருப்பார்கள். பயம் அந்தத் தோலைப் பார்த்து இல்லை, ஊர் என்ன பேர் வைக்கும் என்றுதான்.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை என்று சொல்கிற பழைய இலக்கணத்தில் நெய்தலுக்கு மீன்கோட்பறை வருகிறது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2020இலிருந்து "மார்கழியில் மக்களிசை" விழா மேடையில் கானாவும் பறையும் ஏறுகின்றன. ஆனால் இதையெல்லாம் காட்டி மாமியாரை மடக்கப் பார்க்காதீர்கள், நடக்காது. எங்கப்பா மசிந்தது நான் பறையைக் காய்ச்சும்போது. வைக்கோல் தீயில் வாட்டிவிட்டு விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பக்கம் கடல் காற்றுக்குத் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும், திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, "இப்டி புடிச்சா ஓரம் கருகிடும்டா" என்று வாங்கி அவரே திருப்பிப் பிடித்தார். மனுஷன் எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் சும்மா இருந்திருக்கிறார்.

ஆட்டத்துக்கு வருகிறேன். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. பறை தோளில் தொங்கும். கையும் காலும் வேறு வேறு வேலை செய்யும், முதலில் குழம்பும். உங்கள் ஆசிரியர் கண்டுபிடித்த அந்த வலது கால் கதை இங்கே உடனே தெரிந்துவிடும், பறையின் எடை உங்களை ஒரு பக்கம் இழுக்கும்போது இடது கால் வேலை செய்தே ஆக வேண்டும். சப்பரத்தடி, மருளடி, சாமிச்சாட்டு, வாழ்த்தடி என்று அடிகள் நிறைய இருக்கின்றன. சாவுக்கு அடிப்பது அதில் ஒரு பகுதிதான். மாமியாரிடம் வாழ்த்தடி கற்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

இடத்துக்கு: ராபின்சன் பூங்கா. ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். 1949இல் அங்கே ஒரு கட்சியையே ஆரம்பித்தார்கள், நீங்கள் ஒரு ஆட்டம் ஆரம்பிக்கக்கூடாதா? காலையில் வாக்கிங் போகிறவர்கள் முதல் வாரம் முறைப்பார்கள். அடுத்த வாரம் வணக்கம் வைப்பார்கள்.

---

பழைய வண்ணை:

எல்லோரும் ஏற்றிவிடுகிறீர்கள், நான் கொஞ்சம் இறக்கிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பட்டறை மயக்கம் என்று ஒன்று உண்டு. நாடகம், யோகா, போட்டோ எடுப்பது என்று எதற்குப் போனாலும் வரும். ஒரு கூட்டம், ஒரு ஆசிரியர், எல்லோரும் கைதட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் வடிந்துவிடும். என் மனைவி தையல் பட்டறைக்குப் போய் வாங்கிய மெஷின் இப்போது இஸ்திரித் துணி வைக்கிற மேசை. ஆகவே சலங்கை, பறை என்று எதையும் உடனே வாங்காதீர்கள். ஆள் இல்லாமல், கைதட்டல் இல்லாமல் தனியாக ஆடத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போனீர்களே, அந்த ஸ்டூல். எனக்கு இந்தப் பதிவில் அதுதான் பெரிய விஷயம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டம். 2021இல் அதைத் திருத்தி, வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உட்கார இடவசதி செய்துதர வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கவைக்கக் கூடாது என்று போட்டுவிட்டார்கள். கேரளாவில் அதற்கு முன்பே வந்தது. பெரிய பெரிய ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்களை மனதில் வைத்து வந்த சட்டம், ஆனால் உங்கள் கடைக்கும் பொருந்தும். ஸ்டூல் உங்கள் முதலாளி போடுகிற பிச்சை இல்லை.

சண்டைக்குப் போகாதீர்கள். திருத்தத்தை ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து, பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அவராகப் படிக்கட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளர் இருக்கிறார். நான் தொழிற்சங்கத்தில் இருந்தவன், பெரும்பாலும் பிரிண்ட் அவுட்டே போதும்.

முட்டி வலிக்கு ஆட்டத்தைக் குறை சொல்லுமுன் அந்தப் பதினொரு மணி நேர நிற்பைக் கணக்கில் எடுங்கள்.

---

காசிமேடு கயல்:

மல்லிக்கா, ஆடி வரட்டும். எங்க அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்னிக்குப் பெண்கள் எல்லாம் கும்மி அடிப்போம், அறுபது வயசு பாட்டி வரைக்கும். அப்போ எவனும் ஒரு வார்த்தை பேச மாட்டான். உங்க ஒயிலாட்டத்தையும் அங்கேயே இறக்குங்க. கோயில் வாசலில் ஒரு தடவை ஆடிட்டா அப்புறம் தெருவில் கேள்வி வராது. இது குறுக்கு வழிதான், எனக்குத் தெரியும். ஆனா நடக்கும்.

பையன் விஷயம்: என் பொண்ணும் இப்படித்தான் இருந்தா. மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் பாதியிலேர்ந்து ஜூன் பாதி வரைக்கும் எங்க வீட்டுக்காரர் போட்டுக்குப் பெயின்ட் அடிச்சு முடிச்சுட்டு வீட்டில்தான் இருப்பார், அவர் முன்னாடியே "அம்மா மானத்தை வாங்குது"ன்னு சொன்னா. நான் பதில் சொல்லலை. அடுத்த தடவை போனை அவ கையில் கொடுத்து, "நீயே எடு, நல்லா இல்லைன்னா நீயே அழிச்சிடு"ன்னு சொன்னேன். எடுக்க ஆரம்பிச்சா "கையை இன்னும் மேல தூக்கும்மா, வெளிச்சத்துக்கு வா"ன்னு அவதான் கத்துவா. பசங்களுக்கு நாம ஆடுறது பிரச்சினை இல்லை, நாம மோசமா ஆடி அதை ஊரு பாக்குறதுதான் பிரச்சினை.

---

மருந்துக்கடை மல்லி:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

பழைய வண்ணை அண்ணா, உங்கள் பதிலை முதலில் படித்தபோது சுள்ளென்று வந்தது. இரண்டாவது பாதி வந்ததும் அடங்கிவிட்டேன். பிரிண்ட் எடுக்கப் பையனைத்தான் அனுப்பினேன். வருகிற வழியில் படித்திருக்கிறான். "இவ்ளோ நேரமா நீ நிக்கிற?" என்று கேட்டான். பதினாறு வயதில் முதல்முறையாக என் வேலையைப் பற்றிக் கேட்கிறான். ஸ்டூல் வந்துவிட்டது. நீல பிளாஸ்டிக், ஒரு கால் கொஞ்சம் ஆடும், அடியில் மாத்திரை அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். முதலாளி எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பக்கத்துக் கடைப் பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்திருக்கிறேன்.

மயக்கமா இல்லையா என்று நீங்கள் கேட்டது சரியான கேள்விதான். கைதட்டல் இல்லாமல் ஆடிப் பார்த்தேன், சமையல்கட்டில், குக்கர் விசில் வருவதற்குள். தோன்றுகிறது. ஆனால் தனியாக ஆடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சலங்கை இல்லாமல் எதைக் கேட்டு ஆடுவது?

டீச்சர், அபிநயம் எனக்கு வராது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். சீட்டை நீட்டிவிட்டு, "இதுல எது முக்கியமோ அதை மட்டும் குடும்மா" என்று கேட்கிற ஒரு தாத்தா எங்கள் கடைக்கு மாசாமாசம் வருவார். அவர் கையை மட்டும் செய்து பார்த்தேன். சட்டைப் பைக்குள் பணத்தை எண்ணாமல் எண்ணுகிற கை. மாமியார் கட்டிலில் இருந்து பார்த்துவிட்டு, "யாரு, சுகர் மாத்திர வாங்க வருவாரே அவரா?" என்றார். கடைக்கு மாமியாரும் வருவார், பார்த்திருப்பார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வேந்தன் தம்பி, பறைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வாழ்த்தடி என்று சொன்னதற்கு மாமியார், "எல்லாம் ஒரே மோளந்தான், போய்த் தொல" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். உங்கப்பாவின் கதையை அவரிடம் சொல்லவில்லை, இன்னொரு நாள் சொல்வேன்.

கயல், ஆடிக்கு நான் வருகிறேன். உங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர், எங்கள் பிளாக்கில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வரிசை ஆகிவிடும். அதற்கு முன்னால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ராபின்சன் பூங்கா. மூன்றாம் மாடி அம்மாவையும் கேட்டிருக்கிறேன். முதலில் முறைத்தார், அப்புறம் "என்ன புடவை கட்டணும்?" என்றார். அன்று சலங்கை கட்டப்போவதில்லை, செருப்பில்லாமல் புல்லில்.

டீச்சர், ஒன்று மட்டும் சொல்லுங்கள். பட்டறையில் கொடுத்த சலங்கை அவர்களுடையது, திருப்பிக் கொடுத்துவிட்டோம். வாங்குவதானால் தோல் பட்டையா, கயிற்றில் கோத்ததா? எங்கே?

---

பெரம்பூர் டீச்சர்:

பழைய வண்ணை சொன்ன மாதிரி கொஞ்சம் பொறுங்கள். ஆடி வரைக்கும் விடாமல் ஆடினால் வாங்குங்கள். தோல் பட்டையில் தைத்தது கட்டிக் கழற்ற சுலபம், ஆனால் வேர்வையில் வீணாகும், ஆடி முடித்ததும் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். எதை வாங்கினாலும் உள்ளே ஒரு துணி சுற்றிவிட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் கணுக்காலை உரசி எடுத்துவிடும். மணிகள் குறைவான வரிசையே போதும், வரிசை கூடக்கூடக் கால் கனக்கும், உங்கள் முட்டிக்கு இப்போது அது வேண்டாம். மயிலாப்பூர்க் கோயிலைச் சுற்றி நடனச் சாமான் கடைகள் இருக்கின்றன. வாங்குமுன் இரண்டு காலிலும் கட்டி நின்று பாருங்கள், இரண்டு காலிலும் சமமாக.